ஹீட்டரில் குளிர்ந்த காற்றா? டேஷ்போர்டைப் பிரிக்கும் முன் இரண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: என் டீசல் கார் 2013-ல் வாங்கியது. 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மார்கழியில் அப்பாவை ஏலகிரிக்கு அழைத்துப் போனோம். விடிகாலையில் மலையிறங்கும்போது அவருக்குக் குளிர் தாங்கவில்லை. ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பியும் காற்று சில்லென்றே வந்தது. காற்றின் வேகத்தில் குறை இல்லை. வாணியம்பாடி ஊருக்குள் சிக்னலில் நின்றபோது கொஞ்சம் வெதுவெதுப்பு வந்தது. ஆம்பூர் தாண்டி ஹைவேயில் 80-ல் போனதும் பழையபடி ஆகிவிட்டது. வெப்பம் காட்டும் முள்ளும் ஹைவேயில் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மெக்கானிக் ஏசி கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறார். இன்னொருவர் டேஷ்போர்டைப் பிரித்து ஹீட்டர் கோர் மாற்ற வேண்டும் என்கிறார். இரண்டு வருடம் முன்பு கோடையில் வண்டி ஹீட் ஆனபோது, "வெயில் ஊருக்கு இது எதுக்கு" என்று ஒரு வால்வைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வருகிறேன். எதை நம்பிச் செலவு செய்வது?
— வாசகர், காட்பாடி

பதில்: இப்போதைக்கு ஏசி கேஸும் வேண்டாம், டேஷ்போர்டையும் பிரிக்க வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே பதில் பாதி இருக்கிறது. கழற்றி எடுத்தார்களே ஒரு வால்வு, அதன் பெயர் தெர்மோஸ்டாட். இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ரேடியேட்டருக்குப் போகாமல் தடுப்பது அதுதான். அதைத் திரும்ப மாட்டுவதுதான் முதல் வேலை. போர் தண்ணீரை வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் நிரப்புவது இரண்டாவது வேலை. ஹீட்டர் கோரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

முதலில் கேஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். காரின் ஹீட்டருக்கும் ஏசி கேஸுக்கும் தொடர்பே இல்லை. இன்ஜினைச் சுற்றி ஓடும் சூடான கூலன்டில் ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அந்தச் சின்ன ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். ப்ளோயர் காற்று அதன்மேல் பட்டுச் சூடாகி வெளியே வருகிறது. கேஸ் முழுக்க வடிந்த வண்டியிலும் ஹீட்டர் நன்றாக வேலை செய்யும். ஹீட்டர் வரவில்லை என்று கேஸ் ஏற்றினால் அந்தப் பணம் வீண்.

இனி அந்த இரண்டு ஹோஸ். பானெட்டைத் திறந்தால் இன்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் இரும்புத் தடுப்பில் அருகருகே இரண்டு ஹோஸ் நுழைவது தெரியும். பெரும்பாலும் விரல் பருமனைவிடக் கொஞ்சம் தடிமனாக இருக்கும். உள்விட்டம் 16 மி.மீ. அளவில் வரும். வண்டியை 20 நிமிடம் ஓட்டிவிட்டு, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து, ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்த பிறகு ஒரு துணியால் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். துப்பட்டா, துண்டு, முழுக்கைச் சட்டையின் நுனி எதுவும் ரேடியேட்டர் ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது. சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும். ஒர்க்‌ஷாப்பில் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் கையே தேவையில்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது. அவற்றில் பெரும்பாலானவை உடல் சூட்டுக்கு மேல் காட்டுவதில்லை.

இரண்டு ஹோஸும் கையில் பிடிக்க முடியாத சூட்டில் இருந்தால், கோருக்குச் சூடு ஒழுங்காக வந்து போகிறது. கோளாறு உள்ளே காற்றைத் திருப்பிவிடும் கதவில் இருக்கிறது. ஒன்று கொதிக்கிறது, இன்னொன்று ஆறியிருக்கிறது என்றால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டர் வால்வு உள்ள வண்டியாக இருந்தால் அந்த வால்வு திறக்கவில்லை. இரண்டுமே வெறும் வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடேறவில்லை, அல்லது கூலன்ட் குறைந்து உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அரை மணி நேரச் சோதனை இது. இதைச் செய்யாமல் டேஷ்போர்டைப் பிரிக்கச் சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார். ஒரு நாள் முழுக்கப் போகும் வேலை அது. திரும்ப மாட்டிய பிறகு கிறீச் சத்தமும் உடைந்த கிளிப்புகளும் மிஞ்சுவது சாதாரணம்.

பழைய வண்டியில் இன்னொன்றையும் பாருங்கள். கோர் ஒழுகியபோது யாராவது இரண்டு ஹோஸையும் கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று இணைத்து விட்டிருக்கிறார்களா? நம் பக்கத்தில் ஹீட்டரை வருடத்துக்கு நான்கு நாள்கூடப் போடுவதில்லை என்பதால், உரிமையாளரிடம் சொல்லாமலே இப்படி இணைத்துவிடுவது உண்டு. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இரண்டு ஹோஸும் வெதுவெதுப்பாகவே இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். காரணம், நீங்கள் எழுதிய அடையாளம். நின்றால் வெதுவெதுப்பு, வேகமாகப் போனால் குளிர், முள்ளும் கூடவே இறங்குகிறது. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்தாலும், அடியோடு இல்லாமல் போனாலும் இப்படித்தான் நடக்கும். எதிர்காற்று ரேடியேட்டரை ஓயாமல் குளிர்விக்கிறது. தடுக்க ஆள் இல்லை. இதற்கு நேர்மாறாக, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சூடு, நின்றால் குளிர் என்றால் கூலன்ட் குறைவு, ஏர் லாக் (உள்ளே அடைபட்ட காற்று), தேய்ந்த வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று. டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று தண்ணீர் உருளும் சத்தமும் கேட்டால் ஏர் லாக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் அதைக் கழற்றி எறிவது வழக்கமாகிவிட்டது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர், அதனால் இன்ஜினைக் குளிர்விப்பது எல்லாம் நல்லதுதான் என்று நினைக்கிறார்கள். ஆனால் இன்ஜினுக்குள் எரிபொருள் எரிவது ஆயிரம் டிகிரிக்கும் மேலான சூட்டில். வெளியே 20 டிகிரியா 40 டிகிரியா என்பதைப் பார்த்து அதன் வேலைச்சூடு மாறுவதில்லை. கூலன்ட் 85-லிருந்து 100 டிகிரிக்குள் நிற்க வேண்டும் என்றுதான் இன்ஜினைச் செய்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகுக் குப்பி இருக்கிறது. 82 அல்லது 88 டிகிரி வந்ததும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறினால் முழுக்கத் திறந்துவிடும். திறந்த பிறகு அது எதையும் தடுப்பதில்லை. ஆகவே கோடையில் வண்டி ஹீட் ஆவதற்குக் காரணம் நல்ல தெர்மோஸ்டாட்டாக இருக்கவே முடியாது. மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம், அதைப் புதிதாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடைத்த ரேடியேட்டர், வேலை செய்யாத ஃபேன், தளர்ந்த மூடி, தேய்ந்த பம்ப் என்று உண்மையான காரணம் வேறெங்கோ இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு உங்கள் வண்டி ஏன் ஹீட் ஆனது என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு சின்னத் தட்டு இருக்கும். வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு கீழே இறங்கி, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தமாகக் கழற்றிவிட்டால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே இன்ஜினுக்குத் திரும்பும். ஹைவேயில் தேவைக்கு மேல் குளிர்ந்துபோகும் அதே வண்டி, நான்கு பேரோடு ஏசி போட்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது ஹீட் ஆவது இதனால்தான்.

குளிர்ந்தே ஓடும் டீசல் இன்ஜினுக்கு நேரும் கேடு மெதுவாகத்தான் தெரியும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். முழுக்க எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்க வைக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறாகும். இரண்டு வருடம் இப்படி ஓட்டியிருப்பதால், தெர்மோஸ்டாட் மாற்றும் நாளிலேயே இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஸ்கேனரில் பி0128 என்ற குறி வருகிறதா என்று கேளுங்கள். கூலன்ட் வர வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று அதற்குப் பொருள்.

புதிய தெர்மோஸ்டாட் வாங்கும்போது உங்கள் இன்ஜினுக்குரிய டிகிரியையே கேட்டு வாங்குங்கள். "76 டிகிரி போடலாம், கூலாக இருக்கும்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாட்டும் முன் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்துக் கொதிக்க விடுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின்னாகத் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது சுமார் 8 மி.மீ. திறந்திருக்க வேண்டும், ஆறும்போது இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். விளிம்பில் ஆடும் சின்ன முள் இருந்தால் அதை மேல் பக்கமாக வைத்து மாட்டச் சொல்லுங்கள், காற்று வெளியேறும் வழி அது. ரப்பர் வளையம் புதியதாக இருக்கட்டும். கூடு அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் என்பதால் போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் காது உடைந்துவிடும். சில இன்ஜின்களில் கூடும் தெர்மோஸ்டாட்டும் ஒரே உருப்படியாகத்தான் கிடைக்கும். விலை கூடுதல், வேறு வழியில்லை.

அடுத்து தண்ணீர். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் பல இடங்களில் உப்பு அதிகம். தோல் ஆலைக் கழிவு இறங்கிய பகுதிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கெய்சர் காயிலில் வெள்ளை வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். காருக்குள்ளும் அதேதான் படிகிறது, அதுவும் ஹீட்டர் கோரில் முதலில். ரேடியேட்டரின் குழாய்களைவிட அதன் குழாய்கள் குறைவு, வழியும் குறுகல். போர் தண்ணீரில் துருத் தடுப்பு மருந்தும் இல்லை. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தை ஊசி முனை அளவுக்குத் துளைக்கும். "நம்ம ஊரில் பனி உறையாதே, கூலன்ட் எதற்கு" என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். துருவைத் தடுக்கவும், கொதிநிலையை உயர்த்தவும் அது வேண்டும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தது 107 டிகிரி அளவில் கொதிக்கும், 0.9 பார் அழுத்த மூடி சரியாக இருந்தால் இன்னும் மேலே போகும்.

மாற்றும் முறை இது. இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். இரவு நிறுத்திக் காலையில் தொடங்குவது நல்லது. சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. இதில் அவசரமே கூடாது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வழியாக வடித்தால் மொத்தமும் வராது, இன்ஜினுக்குள் ஒரு பகுதி தங்கும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை ஆகலாம். சின்ன டீசல் காருக்கு மொத்தம் 5, 6 லிட்டர் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். முன்பே கலந்து விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. கான்சன்ட்ரேட் என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வகையைக் கேளுங்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

நிரப்பிய பிறகு காற்றை எடுக்காமல் விட்டால் புது தெர்மோஸ்டாட் போட்டும் ஹீட்டர் வராது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி ஒரு சரிவில் நிறுத்துங்கள். ஹீட்டர் முழுச் சூடு, ப்ளோயர் குறைந்த வேகம். மூடி திறந்தபடி மெதுவாக நிரப்பி, இன்ஜினை ஐடிலில் விட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது அழுத்தி விடுங்கள். குமிழி குமிழியாகக் காற்று வரும், மட்டம் இறங்கும், திரும்ப ஊற்றுங்கள். காற்றெடுக்கும் திருகு உள்ள வண்டியில் அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் மட்டும் வழியும்போது இறுக்குங்கள். கூலன்ட் பொங்கத் தொடங்கும் முன்பே மூடியைப் போட்டுவிட வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு, ஆறிய பிறகு மட்டத்தைப் பாருங்கள். மறுநாள் காலையும் ஒருமுறை. ஒவ்வொரு வாரமும் காற்று சேர்கிறது, காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகளிலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, ஒழுகல் எங்கும் தெரியாமல் கூலன்ட் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது இன்ஜினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகட்டை, சந்தேகப்பட வேண்டும். அதற்கு நீல நிறத் திரவம் கொண்ட சோதனைக் குப்பி இருக்கிறது. இன்ஜினில் எரிந்த புகை கூலன்டில் கலந்திருந்தால் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அந்தச் சோதனைக்கு முன் ஹெட்டை இறக்க யாருக்கும் சம்மதிக்காதீர்கள்.

இவ்வளவும் செய்து முள் நடுவில் நிலையாக நின்றும் காற்றில் போதிய சூடு இல்லை என்றால், அப்போது கோர். இரண்டு வருடம் போர் தண்ணீர் ஓடியிருப்பதால் கொஞ்சமாவது அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் டேஷ்போர்டு வேண்டாம், தடுப்புக்கு வெளியிலிருந்தே கழுவலாம். ஆறிய இன்ஜினில் இரண்டு ஹோஸையும் கழற்றுங்கள். பத்து வருடப் பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் கோரின் குழாய் முனை உடையும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள். கூலன்ட் வழக்கமாக வெளியேறும் முனையில் தண்ணீரைச் செலுத்துங்கள், வந்த வழியே அழுக்கு தள்ளப்படும். மொட்டைமாடி டேங்க் குழாயின் அழுத்தமே போதும். கம்ப்ரஸர் காற்றோ வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியோ வைத்தால் கோர் கிழிந்துவிடும். பழுப்புச் சேறு வந்தால் துரு. வெள்ளைப் பொடி வந்தால் உப்பு. மஞ்சள் விழுது வந்தால் முன்பு யாரோ ரேடியேட்டர் ஒழுகலுக்கு மஞ்சள் தூள் போட்டிருக்கிறார்கள். ஊர் போய்ச் சேர அந்த வைத்தியம் உதவும். ஆனால் அந்தத் தூள் கடைசியில் போய் உட்காரும் இடம் ஹீட்டர் கோர்தான்.

உப்பு படிந்திருந்தால் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு தேக்கரண்டி கரைத்து ஊற்றி, 20 நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட் மட்டும் கூடவே கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசுங்கள்.

கோரை மாற்றியே ஆக வேண்டிய நிலை ஒன்றுதான்: அது ஒழுகும்போது. முன் கண்ணாடியின் உள்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்கும், தித்திப்பான வாடை வரும், இடது பக்கக் கால்மிதியின் அடியில் ஈரம் இருக்கும். ஏசியின் வடிகுழாய் அடைத்தாலும் அங்கே ஈரம் வரும். அது நிறமோ வாடையோ இல்லாத வெறும் தண்ணீர். கூலன்ட் விரலில் வழுக்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம். வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். தித்திப்புக்கு நாய் குடித்துவிடும்.

ஹோஸ் இரண்டும் சூடாக இருந்து காற்று மட்டும் குளிர்ந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். குமிழைக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்பும்போது உள்ளே கதவு தட்டும் சத்தம் கேட்க வேண்டும். கேபிள் வண்டியில் கேபிள் கிளிப்பிலிருந்து விடுபட்டிருக்கும். டேஷ்போர்டின் அடியில் டார்ச் அடித்து நெம்பைக் கையால் தள்ளிப் பாருங்கள். தானியங்கி ஏசி உள்ள வண்டியில் டக் டக் என்று விடாமல் சத்தம் வந்தால் கதவைத் திருப்பும் குட்டி மோட்டாரின் பல் உடைந்திருக்கும். பல வண்டிகளில் அதை டேஷ்போர்டு பிரிக்காமலே மாற்றலாம்.

உங்கள் அப்பாவுக்காக ஒரு வார்த்தை. எல்லாம் சரியாக இருக்கும் டீசல் காரிலும் ஏலகிரியிலிருந்து இறங்கும்போது ஹீட்டர் மந்தமாகத்தான் இருக்கும். கியரில் இறங்கும் இன்ஜின் டீசலை எரிப்பதே குறைவு, சூட்டுக்கு எங்கே போகும்? நின்ற இடத்தில் ஐடிலில் விட்டாலும் டீசல் இன்ஜின் எளிதில் சூடேறாது. புறப்பட்டதும் முதலில் மலைமேல் ஊருக்குள் சமதளத்தில் ஐந்தாறு கி.மீ. மெதுவாக ஓட்டி, முள் நகர்ந்த பிறகு இறங்கத் தொடங்குங்கள். அதுவரை ப்ளோயரைக் குறைந்த வேகத்தில், காற்று கால் பக்கம் வரும்படி வையுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் வெளிக்காற்றுக்கு மாற்றி, ஹீட்டரோடு ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும்.

வேலை முடிந்த பிறகு ஒர்க்‌ஷாப் வாசலிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காதீர்கள். காட்பாடியிலிருந்து பள்ளிகொண்டா டோல் வரை 80-ல் ஓட்டிப் போய் வாருங்கள். முள் நடுவை விட்டு இறங்கக் கூடாது. நடுத் துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகினால், முழுச் சூட்டில், ப்ளோயர் நடுத்தர வேகத்தில் 50 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அதன் பிறகு வருகிற கோடையில் வண்டி ஹீட் ஆனால் தெர்மோஸ்டாட்டைத் தொட விடாமல், ரேடியேட்டர், ஃபேன், மூடி, பம்ப் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள்.